சிப்பிமேட்டில் அப்படி ஒரு பெண் இல்லை

அன்று சனிக்கிழமை. காலை பத்து மணி இருக்கும். நான் ஒரு தண்ணீர் லாரிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன்.

முன்னால் என்றால் நேர் முன்னால். பம்பருக்கும் எனக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் குடம்தான் இருந்தது. பூப்போட்ட நைட்டி, தோளில் ஒரு துண்டு, எண்ணெய் வழிகிற தலையில் அள்ளிச் செருகிய கொண்டை. ஹார்ன் அடித்துப் பார்த்த டிரைவர், பலிக்காது என்று தெரிந்ததும் தலையை வெளியே நீட்டிக் கும்பிட்டார்.

"யக்கா, வழிய விடுங்க. ஒங்க தெருவுக்கு அடுத்த டிரிப்பு."

"போன வாரமும் அடுத்த டிரிப்புன்னுதான் சொன்னீய. அந்த டிரிப்பு இன்னும் வந்துக்கிட்டே இருக்கோ? இங்கன ஓஸ அவுத்து விட்டாத்தான் வண்டி நகரும்."

எனக்குப் பின்னால் தெருவே குடமும் டிரம்முமாக நின்றது. எதிரே ஐயாத்துரை அண்ணாச்சியின் பலசரக்குக் கடை வாசலில், குடை பிடித்த ஒரு பெரியவர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கக்கத்தில் ஒரு டைரி.

என் கல்யாணம் அந்தக் குடைக்குக் கீழே நிற்கிறது என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் கொண்டையையாவது சரியாகப் போட்டிருப்பேன்.

அவர் அங்கே எப்படி வந்து நின்றார் என்பதைச் சொல்ல, முதலில் எங்கள் ஊரின் ஒரு வியாதியைச் சொல்ல வேண்டும்.

எந்த ஏரியா?

தூத்துக்குடியில் ஒருவரை அறிமுகப்படுத்தினால் பெயரை யாரும் காதில் வாங்குவதில்லை. "எந்த ஏரியா?" என்பதுதான் முதல் கேள்வி. பதில் வந்ததும் கேட்டவருடைய புருவம் மேலே போகும், அல்லது கீழே இறங்கும். மீதிப் பேச்சு அந்தப் புருவத்தைப் பொறுத்தது.

பிரையண்ட் நகர் என்றால் டாக்டர், வக்கீல், வெளிநாட்டில் பிள்ளைகள். தெருவுக்கு நம்பர் உண்டு, வீட்டுக்குப் பெயர் உண்டு, கேட்டில் நாய்ப் படம் உண்டு. மில்லர்புரம் என்றால் படிப்பு. பள்ளியும் கல்லூரியும் அடுத்தடுத்து இருப்பதால் அந்தப் பக்கம் காற்றிலேயே சாக்பீஸ் தூள் இருக்கும் என்பார் அப்பா. மில்லர்புரத்துக்காரரிடம் மணி கேட்டால், மணியைச் சொல்லிவிட்டு நாம் கேட்ட விதத்தையும் திருத்துவார்.

டூவிபுரத்தில் தடுக்கி விழுந்தால் ஏதாவது ஒரு டியூஷன் சென்டர் படியில்தான் விழ வேண்டும். மட்டக்கடையில் இரண்டு பேர் அன்பாகப் பேசிக்கொண்டாலே சண்டையை விலக்கிவிட ஆள் ஓடி வரும் என்பார்கள். முத்தையாபுரத்துக்காரர்கள் நாங்களும் தூத்துக்குடிதான் என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள்; டவுன்காரர்கள் அது காதில் விழாத மாதிரியே இருப்பார்கள். அனல்மின் நிலையத்தை ஒட்டிய தெர்மல் நகரில் வெள்ளைத் துணி காயப்போடும் முன் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்க வேண்டும்.

திரேஸ்புரத்தைச் சொல்லாமல் விட்டால் ரோசம்மா அக்கா கோபித்துக்கொள்வாள். அவள் பிறந்த இடம். கல்யாணம் கட்டி எங்கள் தெருவுக்கு வந்து, கூடையில் மீன் விற்கிறவள். "சீலா மீனு வேணும்னா எல்லாருக்கும் திரேஸ்புரம் இனிக்கும். சம்பந்தம்னு சொல்லிப் பாரு, மூக்கப் பொத்துவானுவ" என்பாள். அவள் சொல்வது சரிதான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், எல்லோருக்கும் கீழே பார்க்க ஓர் இடம் வேண்டும். பிரையண்ட் நகருக்குள்ளேயே முன்தெருக்காரர்கள் பின்தெருக்காரர்களைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்துவார்கள்.

இப்படி ஒவ்வொருவராகக் கீழே பார்த்துக்கொண்டே வந்தால், கடைசியில் எல்லோர் பார்வையும் வந்து நிற்கிற இடம் எங்கள் சிப்பிமேடு.

முத்து போன இடம் தெரியாது

ஊருக்கு வடக்கே, உப்பளங்களுக்கும் லாரி ஷெட்டுகளுக்கும் நடுவில் இருந்தது சிப்பிமேடு. எந்தக் காலத்திலோ முத்துக் குளித்தவர்கள் சிப்பியைத் திறந்து பார்த்துவிட்டு ஓடுகளைக் கொட்டிக் கொட்டி உண்டான மேடு என்பார்கள். முத்தெல்லாம் யார் யார் கழுத்துக்கோ போய்விட்டது. ஓடு எங்களுக்கு மிஞ்சியது. முருங்கை நட அரை அடி தோண்டினாலும் கைநிறைய ஓடு வரும்.

ஆட்டோக்காரர்கள் மெயின் ரோட்டிலேயே நிறுத்திவிடுவார்கள். ஆன்லைனில் எதையாவது வாங்கினால், கொண்டுவருகிறவர் போனில் கூப்பிட்டு, "ரோட்டுக்கு வந்து வாங்கிக்கிடுங்க" என்பார். ஊரில் எங்கே சைக்கிள் காணாமல் போனாலும் முதலில் எங்கள் பக்கம் தேட வருவார்கள். எங்கள் அப்பாவின் சைக்கிள் பெரிய மார்க்கெட்டில் காணாமல் போனபோதும், "மொதல்ல சிப்பிமேட்டுப் பக்கம் தேடிப் பாருங்க" என்றுதான் சொன்னார்கள்.

அப்பா உப்பு லாரிகளை எடை போடும் இடத்தில் கிளார்க். நான் பி.காம். முடித்து, துறைமுகத்தில் ஒரு ஷிப்பிங் ஏஜென்ட் ஆபீஸில் வேலை பார்த்தேன். ஆபீஸில் எனக்கு நல்ல பெயர்தான். ஆனாலும் வீட்டு விலாசம் எழுதும் இடம் வந்தபோது மேனேஜர் ஒரு நிமிடம் பேனாவை நிறுத்தி, "அங்கேயா இருக்கீங்க?" என்று கேட்டார். அங்கேதான் இருக்கிறேன் என்று சொன்ன குரலில் சண்டைக்கு இழுக்கிற தொனி இருந்திருக்க வேண்டும். அதன் பிறகு அவர் கேட்கவே இல்லை.

முப்பத்தொரு வயதுக்குள் ஆறு வரன் வந்து போயிருந்தது. வந்து என்று சொல்வதுகூடத் தவறு. போனிலேயே போய்விட்டது. படிப்பு, வேலை, சபை எல்லாம் கேட்டு, "ரொம்பச் சந்தோசம்" என்பார்கள். கடைசியில் "வீடு எந்த ஏரியா?" என்பார்கள். அம்மா தொண்டையைச் செருமுவாள். அதற்குள் அந்தப் பக்கத்தில் யாருக்கோ காலிங் பெல் அடித்துவிடும்.

எங்களுக்கு என்று ஒரு பெருமை இருந்தது. அது மழைக்காலத்தில் மட்டும் வெளியே வரும். நல்ல மழை பெய்தால் பிரையண்ட் நகரில் தெருவும் சாக்கடையும் ஒன்றாகி வீட்டுக்குள் வந்துவிடும். எங்கள் மேட்டில் ஒரு சொட்டு நிற்காது. அப்படி ஒரு மழையில், பிரையண்ட் நகரில் இருக்கும் அம்மாவின் அக்கா, என் பெரியம்மா, இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். கூடவே ஒரு நாய். ஒரு வாரம் எங்கள் கட்டிலில் படுத்து, ரோசம்மா அக்கா கொண்டுவந்த மீனை வக்கணையாகச் சாப்பிட்டாள். மதுரையில் இருக்கும் மகன் போன் செய்யும்போதெல்லாம், "நான் போல்பேட்டைப் பக்கம் ஒரு தெரிஞ்சவங்க வீட்ல பத்திரமா இருக்கேன்" என்றாள்.

நாயாவது உண்மையாக இருந்தது. தெருவில் இருந்த அத்தனை நாய்களோடும் சிநேகமாகிவிட்டு, திரும்பிப் போக மாட்டேன் என்று அடம்பிடித்தது.

ரசம் ஊற்றியவர்

எனக்கு முப்பத்தொரு வயதான அந்த வருடம் நாசரேத் பக்கம் ஒரு கிராமத்தில் உறவுக்காரர்களின் கோயில் அசனத்துக்குப் போயிருந்தோம். ஊரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிற கோயில் விருந்து அது. எங்கள் வரிசையில் ரசம் விளம்பியவர் கண்ணாடி போட்டிருந்தார். ஆவியில் கண்ணாடி மங்கிவிட்டது. போதும் என்று நான் கையால் மறித்தது அவருக்குத் தெரியவில்லை. ஒரு முழுக் கரண்டி என் கையிலும் சேலையிலும்.

"கண்ணத் தொடச்சிட்டு ஊத்துங்க சார்" என்றேன்.

அவர் பதறிப்போய், பையிலிருந்து லேஞ்சியை எடுத்துக் கொடுத்தார். வாங்கிச் சேலையைத் துடைத்தேன். பிறகுதான் அவர் கண்ணாடியைத் துடைக்க லேஞ்சி இல்லாமல், அதே மங்கலோடு அடுத்த இலைக்குப் போனதைப் பார்த்தேன். அடுத்த இலையில் உட்கார்ந்திருந்தவர் ஒரு குருவானவர். அவர் அங்கிக்கும் ரசம் கிடைத்தது.

பெயர் ஜான்சன். மில்லர்புரத்தில் வீடு, கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறார். சாப்பிட்டு முடித்து லேஞ்சியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது கால் மணி நேரம் பேசினோம். எந்த ஏரியா என்று அவர் கேட்கவே இல்லை. எனக்குப் பிடித்துவிட்டது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல என்ன இருக்கிறது, பிடித்துவிட்டது. வீட்டுக்கு வந்து நானே வாய்விட்டு அம்மாவிடம் சொன்னேன்.

அம்மா பெரியம்மாவைக் கூப்பிட்டாள். பெரியம்மா ஜான்சன் வீட்டாரின் சபையில் யார் யாரையோ பிடித்து, இரண்டே வாரத்தில் பேச்சை ஆரம்பித்துவிட்டாள். எஸ்தர் என்று என் பெயரைப் போட்டு, பயோடேட்டாவையும் அவளே டைப் அடித்துக் கொடுத்தாள். அதில் முகவரி என்ற இடத்தில் பிரையண்ட் நகரில் இருக்கும் அவள் வீட்டு விலாசம் இருந்தது.

"ஏளா, மூஞ்சியத் தூக்காத" என்றாள் அம்மா. "அவுக பொண்ணு பாக்க அக்கா வீட்டுக்கு வரட்டும். கல்யாணம் முடிஞ்சா ஒனக்கே மில்லர்புரம்தான விலாசம்? சிப்பிமேட்ட யாரு கேக்கப் போறா?"

"விசாரிக்க வந்தா?"

"அங்கன வந்து விசாரிச்சா நல்லபடியாத்தான் சொல்லுவாவ. பெரிய மனுசங்க இருக்க எடம்."

 மாப்பிள்ளை வீட்டைப் பற்றி அப்பா விசாரிக்கவே இல்லை. "மில்லர்புரமா? பெறகு என்னத்த விசாரிக்க?" என்றார். ஏரியாவைக் கேட்டு ஆறு பேர் எங்களை வேண்டாம் என்றார்களே என்று ஆறு முறை வருத்தப்பட்டவர், ஏழாவது முறை ஏரியாவைக் கேட்டு ஒருவரை வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

நானும் பெரிய நியாயவாதி ஒன்றுமில்லை. ஜான்சன் கைவிட்டுப் போய்விடக் கூடாது என்று அந்த விலாசத்துக்கு வாயை மூடிக்கொண்டேன். வாழ்க்கையில் நான் வாயை மூடிய மிகச் சில சமயங்களில் அதுவும் ஒன்று.

நான்கு வாசல்கள்

எங்கள் பக்கத்தில் கல்யாணப் பேச்சு என்றால், பெண் பார்க்க வருவதற்கு முன்னால் ஒருவர் தனியாக வருவார். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல், டீக்கடையிலும் பலசரக்குக் கடையிலும் பக்கத்து வீட்டிலும் மெதுவாக விசாரிப்பார். நல்லதோ கெட்டதோ, அவர் போய்ச் சொல்வதுதான் தீர்ப்பு. ஜான்சன் வீட்டில் அந்த வேலைக்கு வந்தவர் அவருடைய தாய்மாமா, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் இன்பராஜ் சார்.

அந்தச் சனிக்கிழமை அவர் முதலில் போனது பிரையண்ட் நகருக்கு. பெரியம்மா கோயில் பாட்டுப் பயிற்சிக்குப் போயிருந்தாள். வீடு பூட்டியிருந்தது. விசாரிக்க இதைவிட நல்ல நேரம் கிடைக்காது என்று பக்கத்து வீட்டு மணியை அழுத்தினார். சுவரில் இருந்த ஸ்பீக்கர் பேசியது.

"டெலிவரியா? கேட்லயே வச்சிட்டுப் போங்க."

இரண்டாவது வீட்டில் ஒரு நாய் விசாரித்தது. மூன்றாவது வீட்டில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஒருவர், பூட்டிய வீட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "அந்த வீட்டுல யாரு இருக்காங்கன்னு நானே ஒருநாள் கேக்கணும்னு இருந்தேன்" என்றார். அவர் அங்கே குடிவந்து பதினைந்து வருடம் ஆகியிருந்தது.

நான்காவது வீட்டு வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்த வேலைக்கார அம்மாதான் நிமிர்ந்து பார்த்தாள்.

"எஸ்தரா? அது இந்தம்மாவுக்குத் தங்கச்சி மவள்லா? அவுக இங்கன இல்லியே. சிப்பிமேடு."

இன்பராஜ் சார் டைரியைத் திறந்து விலாசத்தை மறுபடி பார்த்தார். விலாசத்திலேயே பொய் சொல்கிற குடும்பம் வேறு எதையெல்லாம் மறைத்திருக்குமோ! மருமகனைக் காப்பாற்றக் கர்த்தரே அந்த வேலைக்கார அம்மாவை அனுப்பியதாக நினைத்தார். அந்த நினைப்போடு ஆட்டோ பிடித்து, மெயின் ரோட்டில் இறக்கிவிடப்பட்டு, குடையை விரித்துக்கொண்டு மேட்டில் ஏறினார்.

இதெல்லாம் அவரே பிறகு எங்களுக்குச் சொன்னது. ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அந்த நாய் கொஞ்சம் வளர்ந்துகொண்டே போகும்.

வெள்ளைச் சட்டை

மறுபடி லாரிக்கு வருகிறேன். டிரைவர் தோற்றுப்போய் ஓஸை அவிழ்த்துவிட்டார். நான் முதல் குடத்தை நிறைத்து இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பும்போது, குடைக்காரர் அண்ணாச்சியிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இங்க எஸ்தர்னு ஒரு பொண்ணு, வீடு எது?"

இந்த இடத்தில் எங்கள் தெருவின் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். வெள்ளைச் சட்டையும் டைரியுமாக ஒருவர் வந்து, பெயரைச் சொல்லி வீடு கேட்டால், அது சம்மனாக இருக்கும். இல்லையென்றால் வீட்டை இடிக்க நோட்டீஸாக இருக்கும். எங்கள் அனுபவத்தில் வெள்ளைச் சட்டை எங்களைத் தேடி நல்லதுக்கு வந்ததே இல்லை. அதனால் சிப்பிமேட்டில் எல்லோருக்கும் ஒரே பதில்தான்.

"எஸ்தரா? அப்பிடி யாரும் இங்கன இல்லியே" என்றார் ஐயாத்துரை அண்ணாச்சி, என்னைப் பார்த்துக்கொண்டே.

போதாக்குறைக்கு முந்தின வாரம்தான் தண்ணீர் லாரி எங்கள் தெருவை விட்டுவிட்டுப் போவதைப் படம் பிடித்து மேலிடத்துக்கு அனுப்பியிருந்தேன். லாரி கான்ட்ராக்டர், படத்தை அனுப்பிய ஆளைத் தேடிக்கொண்டிருப்பதாகப் பேச்சு. தெருவே உஷாராகிவிட்டது.

ரோசம்மா அக்கா மீன் கூடையை இறக்கி வைத்தாள். "நான் இருவது வருசமா இங்கன இருக்கேன். மாதா சத்தியமா அப்பிடி ஒரு பேரையே கேட்டதில்ல."

மாதாவை இழுத்ததற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாவசங்கீர்த்தனம் செய்துகொண்டதாகப் பிறகு சொன்னாள்.

பெரியவர் என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா. எஸ்தர். ஹார்பர்ல வேல பாக்குற பொண்ணு."

வேலை பார்க்கும் இடம் வரைக்கும் தெரிந்து வந்திருக்கிறார்! சந்தேகமே இல்லை, கான்ட்ராக்டரின் ஆள்தான். கொஞ்சம்கூடக் கண் சிமிட்டாமல் சொன்னேன்.

"அப்பிடி யாரும் இங்கன இல்ல சார். நீங்க பிரையண்ட் நகர் பக்கம் கேட்டுப் பாருங்க."

அவர் முகம் விழுந்துவிட்டது. "அங்க இருந்துதாம்மா வாரேன்" என்றார். அங்கே கேட்டால் இங்கே என்கிறார்கள், இங்கே கேட்டால் அங்கே என்கிறார்கள். கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு டிரம்மில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வெயிலில் நெற்றி நனைந்திருந்தது. கான்ட்ராக்டரின் ஆளாக இருந்தாலும் தாகம் தாகம்தானே. அண்ணாச்சி கடை டம்ளரை வாங்கி, என் குடத்தைச் சாய்த்துத் தண்ணீர் கொடுத்தேன்.

குடித்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். "என் தங்கச்சி மகனுக்குப் பொண்ணு விசாரிக்க வந்தேன். இப்பிடி ஒரு பொண்ணே இல்ல போல" என்று டைரிக்குள்ளிருந்து ஒரு போட்டோவை எடுத்தார்.

எனக்கு இடுப்பில் குடம் இருப்பது மறந்துபோனது. அது கீழே விழுந்து, வாரம் முழுக்கக் காத்திருந்து பிடித்த தண்ணீர் மேட்டில் ஓடியது.

அது ஸ்டூடியோ போட்டோ. பட்டுச்சேலையில், பின்னால் பனிமலை, முகத்தை மைதா மாவு மாதிரி வெள்ளையாக்கி வைத்திருந்தார்கள். ரோசம்மா அக்கா அதை வாங்கி, முதலில் எட்டத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"மாதாவே! ஏளா, இது நீயாளா?"

சாட்சிகள்

அடுத்த ஐந்து நிமிடத்தில் நடந்ததை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது. இல்லவே இல்லாத பெண்ணுக்கு இருபது சாட்சிகள் கிளம்பிவிட்டார்கள்.

"எஸ்தரா! கல்யாண விசயம்னு மொதல்லயே சொல்லப்படாதா? தங்கமான பிள்ள சார். இந்தத் தெருவுல ரேஷன் கார்டு, முதியோர் பென்சன், எல்லா ஃபாரமும் அவ எழுதுனதுதான்."

"தைரியசாலி. இந்த லாரிய மறிச்சது இன்னைக்கு மூணாவது தடவ."

"வாயி மட்டும் கொஞ்சம்..." என்று ஆரம்பித்த அண்ணாச்சியை யாரோ இடித்தார்கள். "கொஞ்சம்தான் சார்" என்று முடித்துக்கொண்டார்.

"மீனு கழுவத் தெரியாது. ஆனா நல்லாத் திம்பா" என்றாள் ரோசம்மா அக்கா. அதை அவள் பாராட்டாகத்தான் சொன்னாள்.

இன்பராஜ் சார் கையை உயர்த்தினார். தலைமையாசிரியர் கை. தெரு அமைதியாகிவிட்டது.

"இவ்வளவு நல்ல பொண்ணுன்னா, மொதல்ல ஏன் இல்லன்னு சொன்னீங்க?"

"வெள்ளச் சட்ட போட்டுட்டு பேரச் சொல்லிக் கேட்டா இல்லன்னுதான் சொல்லுவோம் சார்" என்றார் அண்ணாச்சி. "புள்ளைக்கு ஒண்ணு ஆயிரப்படாதுல்லா?"

இன்பராஜ் சார் என் பக்கம் திரும்பினார். "நீ ஏம்மா பிரையண்ட் நகர்னு எழுதிக் கொடுத்த?"

ஈர நைட்டியோடு, காலடியில் காலிக் குடத்தோடு நின்றேன். எல்லாம் போயிற்று என்று தெரிந்துவிட்டது. எல்லாம் போனபிறகு எனக்கு எப்போதும் கோபம்தான் முதலில் வரும்.

"ஆறு பேரு ஏரியாவக் கேட்டதும் போன வச்சிட்டாங்க சார். என் பேரக்கூட அவுக கேக்கல. ஒங்க வீட்லயும் அதத்தான கேப்பீங்கன்னு பயந்தோம். தப்புதான். எனக்கு ஒங்க மருமகனப் பிடிச்சிருந்துச்சி, அதான் பேசாம இருந்துட்டேன்."

கடைசி வாக்கியத்தைத் தெரு முழுக்கக் கேட்டது. கோபம் முடிந்து, வேண்டாம் வேண்டாம் என்று நான் பிடித்து வைத்தும் அழுகை வந்துவிட்டது.

 இன்பராஜ் சார் டைரியை மூடினார். குடையை விரித்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். விஷயம் தெரிந்து ஓடிவந்த அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். லாரி டிரைவர்தான் இறங்கி வந்து, என் குடத்தை எடுத்து நிறைத்து வைத்துவிட்டுப் போனார்.

நான்கு நாள் ஒரு தகவலும் இல்லை. நான் ஆபீஸில் பில்களைப் பார்த்தேன், பில்கள் என்னைப் பார்த்தன. ஐந்தாம் நாள் இன்பராஜ் சாரிடமிருந்து அப்பாவுக்குப் போன் வந்தது.

"ஞாயித்துக்கெழம ஆராதன முடிஞ்சி பொண்ணு பாக்க வாரோம். பிரையண்ட் நகருக்கு இல்ல. மேட்டுக்கு."

வந்தார்கள். எட்டு வீட்டுப் பிளாஸ்டிக் நாற்காலிகள் எட்டு நிறத்தில் போடப்பட்டிருந்தன. ஜான்சன் இந்த முறை கண்ணாடியை நன்றாகத் துடைத்துக்கொண்டு வந்திருந்தார். அவருடைய அம்மா மட்டும் மூக்கருகே சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டு, "ஏரியா ஒரு மாதிரி இருக்குல்லா, அண்ணே?" என்று மெதுவாகச் சொன்னார். மெதுவாகச் சொல்வதெல்லாம் எங்கள் தெருவில் செல்லாது. எல்லோருக்கும் கேட்டது.

"நான் மில்லர்புரத்துல முப்பது வருசமா இருக்கேன்" என்றார் இன்பராஜ் சார். "நாளைக்கு ஒருத்தன் டைரியோட வந்து என்னத் தேடுனான்னு வையி. கைய நீட்டி வீட்டக் காட்டிட்டு உள்ள போயிருவாங்க. எனக்காவ ஒரு பொய் சொல்ல அந்தத் தெருவுல ஒரு ஆளு கெடயாது. இந்தப் பிள்ளைக்கு ஒரு தெருவே சொல்லுது. பொண்ண எடுத்துக்கோ."

எதிர் வீடு

இப்போது மில்லர்புரத்தில்தான் இருக்கிறேன். விலாசம் கேட்டால் எல்லோர் புருவமும் மேலேதான் போகிறது. இன்பராஜ் மாமா எங்கள் மாடியில் இருக்கிறார். வாத்தியார்கள் நிறைந்த தெரு, அமைதியான தெரு. தண்ணீர் குழாயில் வருகிறது, யாரையும் மறிக்க வேண்டியதில்லை.

போன மாதம் ஒரு காலையில் கேட்டில் சத்தம். வெள்ளைச் சட்டை, கையில் ஒரு கவர்.

"எதிர் வீட்ல ஷீலான்னு ஒரு பொண்ணு இருக்காங்களாமே. எப்படிப்பட்டவங்க?"

வாய் தானாகத் திறந்தது. "அப்பிடி யாரும் இங்கன இல்லியே."

அவர் போய்விட்டார். எனக்கு ஒரே பெருமை. இத்தனை வருடம் ஆகியும் மேட்டுப் புத்தி போகவில்லை என்று சிரித்துக்கொண்டே கேட்டைச் சாத்தினேன். மாடி வராந்தாவிலிருந்து மாமாவின் குரல் வந்தது. காது மந்தமாகிவிட்டது என்று நாங்கள்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

"ஏளா, இப்ப சொன்னியே ஒரு 'இல்ல'. அது சிப்பிமேட்டு 'இல்ல'யா, மில்லர்புரத்து 'இல்ல'யா?"

திரும்பி எதிர் வீட்டைப் பார்த்தேன்.  எதிர் வீட்டில் ஷீலா என்று ஒரு பெண் இருக்கிறாளா, இல்லையா? எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை. அவர்கள் குடிவந்து மூன்று வருடம் இருக்கும். சிவப்பு நிறத்தில் ஒரு கார் இருப்பது தெரியும். சிப்பிமேட்டில் நான் சொன்னது பொய். இங்கே, எனக்குத் தெரிந்தவரை, நான் சொன்னது உண்மை. வெட்கமாக இருந்தது.

ஒரு பெண்ணின் கல்யாணத்தையே கெடுத்திருப்பேனோ என்று நினைத்ததும் கால் தரிக்கவில்லை. முதல் நாள் வாங்கிய முந்திரி மக்ரூன் ஒரு பாக்கெட் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்து எதிர் வீட்டு மணியை அழுத்தினேன்.

சுவரில் இருந்த ஸ்பீக்கர் பேசியது. இளம் பெண் குரல்.

"டெலிவரியா? கேட்லயே வச்சிட்டுப் போங்க."

வைத்துவிட்டுப் போகவில்லை. மறுபடியும் அழுத்தினேன்.